வெறும் எடை

புதன்கிழமை ஏழரைக்கு
லிம் டயர் கடை மாடியில் கூடுகிறோம்.
பதினாலு நாற்காலி, ஒன்பது பேர்.
கீழே காற்றடிக்கும் மோட்டார்
மூச்சு வாங்கி மூச்சு விடும்.
போதகர் குருபாதம் கண்ணை மூடி
"எழுந்தருளும் ஆண்டவரே" என்பார்.
எனக்கு அங்கேதான் இடறும்.

எங்கிருந்து எழுந்தருள?
எங்கும் நிறைந்தவர் என்று
போன மாதம்தானே பிரசங்கித்தார்.
எங்கும் இருப்பவரை வா என்பது
வீட்டுக்குள் இருக்கும் மனிதரை
வாசலில் நின்று கூப்பிடுவதல்லவா?
ஒருநாள் கேட்டேவிட்டேன்.
போதகர் வேதத்தைப் புரட்டினார்,
புரட்டிக்கொண்டிருக்கையிலேயே தேநீர் வந்துவிட்டது.

சலோமிக்கு அந்தச் சந்தேகமே கிடையாது.
இரண்டாம் பாட்டில் கண் நிறைந்துவிடும்.
"இறங்கிட்டாருக்கா, புல்லரிச்சிருச்சு" என்பாள்.
எனக்குப் புல்லரிப்பது
ஏசிக்கு நேர்கீழே உட்கார்ந்தால் மட்டும்.
பத்தொன்பது வருஷ ஜெபத்தில்
ஒரு சிலிர்ப்பு இல்லை, ஒரு சூடு இல்லை.
மகனின் மோட்டார் தவணை
ஊடே வந்து உட்காரும்.
ஆமென் சொல்லிப் படியிறங்கினால்
ஏறியபோது இருந்த அதே கனம்.

கனம் எனக்குத் தெரியும்.
சுங்கை லாலாங் செம்பனை ஆலையில்
நிறுவை மேடை என் பொறுப்பு.
குலை ஏற்றிய லோரி வந்து நிற்கும்:
நிறை எடை.
கொட்டிவிட்டுத் திரும்ப வந்து நிற்கும்:
வெறும் எடை.
கழித்தால் மிஞ்சுவது குலை,
மிஞ்சுவதற்குத்தான் காசு.
மிஞ்சாத எதற்கும்
என் சீட்டில் இடமில்லை.

புதன்தோறும் அப்படித்தான்
ஏறும்முன் ஒருமுறை, இறங்கியபின் ஒருமுறை
என்னையே நிறுத்துப் பார்த்தேன்.
கழித்தேன்.
பூஜ்யம்.

பிறகு ஒரு நவம்பர் மழையில்
சின்னராசு அண்ணனின் லோரி.
அதன் வெறும் எடை எனக்கு மனப்பாடம்;
அன்று எழுபத்தெட்டு கிலோ குறைந்தது.
மேடையைத் துடைத்தோம்,
கம்பிகளை அசைத்துப் பார்த்தோம்,
பின்னால் ஏழு லோரி ஹாரன் அடிக்கிறது,
மானேஜர் ஃபோனில் கத்துகிறார்.
தற்செயலாக நிமிர்ந்தேன்.
ஓட்டுநர் இருக்கை காலி.
மனுஷன் எதிர்க்கடைத் தகரத்தடியில்
கோப்பி ஊதிக்கொண்டு நிற்கிறார்.
"ஏறி உட்காருங்கண்ணே!"
ஏறினார்.
எண் சரியாக வந்து நின்றது.

நிறை எடையிலும் இருப்பார்,
வெறும் எடையிலும் இருப்பார்.
இரண்டிலும் இருப்பதால்
கழிக்கையில் காணாமல் போவார்.
நான் எழுதிய லட்சம் சீட்டுகளில்
ஒரு ஓட்டுநரும் பதிவானதில்லை.
லோரி தானாகவா வந்தது?

அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.
இதைப் போதகரிடம் சொல்லவும் இல்லை,
சொன்னால் பிரசங்கமாக்கிவிடுவார்.
தவிர, இந்த உவமை முழுத்தூரம் ஓடாது.
தம்பி ஆசீரை அடக்கம் செய்த வாரம்
இதே மாடியில் உட்கார்ந்தேன்.
கூரையில் முட்டித் திரும்பியது ஜெபம்.
அன்று மட்டும் என் எடையில் ஏதோ குறைந்தது.
இறங்கிப் போயிருந்தாரா,
என் மேடைதான் நனைந்து கிடந்ததா?
இன்றுவரை கணக்கு உதைக்கிறது.

இன்று திருவிருந்து.
சலோமி ரொட்டியின் ஓரம் நீக்கி
சதுரம் சதுரமாய் வெட்டியிருக்கிறாள்.
குட்டிக் கிண்ணங்களில் ரிபெனா.
கீழே லிம் யாருக்கோ
கடைசிச் சக்கரத்தை முடுக்குகிறார்.
"எழுந்தருளும்" என்கிறார் போதகர்.
புல்லரிக்கவில்லை. தவணை ஞாபகம் வந்தது.
ஆனாலும் நானும் சொன்னேன், வாரும் என்று.
வீட்டுக்குள் இருப்பவரைக்கூட
நாம் கூப்பிடுவதுண்டுதானே,
சாப்பிட.