ஏழாம் கண்

மே பதினெட்டு.
ஆற்றில் மணலும், ஒரு செத்த டயரும்.
தண்ணீர் திறக்க இன்னும் இருபத்தைந்து நாள்.

நத்தம்பாடி அணைக்கு ஏழு கண்.
கட்டிய வருஷத்தைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்;
கடைசி இலக்கத்தில் எவனோ
அரிவாள் தீட்டித் தீட்டி
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து ஏதோ என்றாக்கிவிட்டான்.

அரைக்கிலோ சுத்தியலால் தூணைத் தட்டிவிட்டுக்
காது வைத்துக் கேட்கவேண்டும்.
நல்ல கட்டு ணங் என்னும்.
உள்ளே சுண்ணாம்பு கரைந்துபோனது
அழுகத் தொடங்கிய பரங்கிக்காய்போல
பொத் என்னும்.
வடகரையிலிருந்து ஆறு கண்ணும் ணங்.
தென்கரையை ஒட்டிய ஏழாவதில்
என் காதை நம்பாமல்
மறுபடி தட்டினேன்.

"அதுக்கு வயிறு காலி மேடம்"
என்றார் லஸ்கர் ரெத்தினவேல்.
"எழுதிப் போட்டாச்சு. பதினாலு தடவை."
நோட்டைப் பிரித்தார்.
பதினாலு வரி, ஒரே கையெழுத்து,
பேனா மட்டும் மாறியிருந்தது.
ஒவ்வொரு வருஷமும் வைக்கோல்பிரியும் களிமண்ணும் திணித்து
அந்த ஷட்டரை அவர்தான்
கார்த்திகை தாண்டவைத்திருக்கிறார்.

மாசியில் விரிசலின் குறுக்கே
எட்டுக் கண்ணாடிச் சில்லு ஒட்டி
தேதி எழுதிவிட்டுப் போயிருந்தேன்.
ஏழு சில்லு முழுசாக வெயிலைத் திருப்பியடித்தன.
ஒன்று நடுவில் இரண்டாகியிருந்தது.
யாரும் பார்க்காத ஒரு ராத்திரி
அரை மில்லிமீட்டர் நடந்திருக்கிறது அணை.

மேல்பக்கம் மணல்மூட்டை வளைத்து
லாரித்தண்ணீர் இரண்டு டேங்க் ஊற்றி
பச்சைச் சாயம் கலக்கினோம்.
கீழ்த்தளத்தில் எங்காவது கிளம்பும் என்று
சாயங்காலம் வரை குந்தியிருந்தோம்.
தளம் காய்ந்தே கிடந்தது.

காலையில் பவளக்கொடி வந்தார்,
ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி.
"என் வாய்க்கால்ல பச்சையா வருது.
கீரைக்குப் பச்சை போதலைன்னு
கவருமெண்டுலேர்ந்து ஊத்துறீங்களா?"

கரைக்கு அந்தப்பக்கம் எட்டுக் குழி புறம்போக்கு.
அரைக்கீரை, தண்டுக்கீரை, ஓரத்தில் பசலை.
கோடையிலும் வற்றாத ஊற்று என்று
இருபது வருஷமாக நம்பியிருக்கிறார்.
அது அணையின் குடலிலிருந்து வருகிறது
என்று சொன்னேன்.
கொஞ்சநேரம் அந்தப் பச்சையையே பார்த்தார்.
"அடைப்பீங்கள்ல?"
"அடைக்கணும்மா."
"என்னைக்கு? விதை போடலாமா வேணாமா,
அதச் சொல்லு."

கடைமடையில் நாலாயிரம் ஏக்கர்.
ஒரு ஐப்பசி வெள்ளத்தில் அந்தத் தூண் சாய்ந்தால்
சம்பா மொத்தமும் மணலுக்கடியில்.
கணக்கில் சந்தேகமே இல்லை.
கணக்கில் கீரையும் இல்லை.

துளை போட்டு சிமெண்ட் பால் ஏற்றினோம்.
மதிப்பீடு நாற்பது மூட்டை.
ஏழாம் கண் குடித்தது நூற்றுப்பதினேழு.
ஒவ்வொரு மூட்டைக்கும் ஒப்பந்தக்காரர் கலியபெருமாள்
என் வம்சத்தை முணுமுணுத்தார்.
மூன்றாம் நாள் பவளக்கொடியின் வாய்க்கால்
வெள்ளையாக ஓடியது.
பிறகு நூலாக.
பிறகு சேறு.
பிறகு வெடிப்பு.

துணை எஸ்டிமேட்டில் இருபத்துமூன்றாம் இனம்:
கரை வடிகால் குழாய், நான்கு அங்குலம், ஒன்று.
மேலதிகாரி சிவப்பில் வட்டமிட்டு
"தேவை?" என்று கேட்டிருந்தார்.
"கரையின் நீரழுத்தம் குறைக்க" என்றெழுதினேன்.
பொய் இல்லை.
முழு உண்மையும் இல்லை.
கோப்பு இன்னும் தஞ்சாவூரில்தான் இருக்கிறது.

ஜூன் பதினேழு, பிற்பகல்.
வேப்பஞ்சருகு, ஒற்றைச் செருப்பு, நுரை,
அதன்பின் தண்ணீர்.
ஏழு கதவும் தாங்கின.
தூணைத் தட்டினேன்: ணங்.
விரிசல் இருந்த இடத்தில் புதுச் சில்லு ஒட்டி
தேதி போட்டேன்.

ரெத்தினவேல் நோட்டை நீட்டினார்.
ஏழாம் கண்: கசிவு இல்லை.
கீழே, கட்டத்துக்கு வெளியே, பென்சிலில்:
கீரைப்பாத்தி: தண்ணீர் இல்லை.
அதற்கெல்லாம் நோட்டில் பத்தி கிடையாது.

இரண்டு வரிக்கும்
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.