மீதத் தொகை

விண்ணப்பப் பாரத்தின் ஏழாவது கட்டம் கேட்டது:
உங்கள் திட்டத்தில் புத்தாக்கம் என்ன?
மூன்று இரவு அந்தக் கட்டத்தின் முன் உட்கார்ந்திருந்தேன்.
நாலாவது இரவு எழுதினேன்:
எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து உட்காருவார்கள்.

சுங்கை சூமுனில் ஆலோசனை அறை என்று ஒன்று உண்டு,
பொது மண்டபத்துக்குப் பின்னால்.
வட்டமாக ஆறு நாற்காலி, நடுவில் டிஷ்யூ பெட்டி.
அந்தப் பெட்டியைக் கண்டதுமே
ஆண்கள் வாசலில் செருப்பைத் தேடுவார்கள்.
முகத்துக்கு முகம் வைத்துப் பேச
இங்கே யாருக்கும் பழக்கமில்லை.
மரத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள்,
அடுப்பைப் பார்த்து, டிவியைப் பார்த்து.
முக்கியமானதை எல்லாம்
முதுகுக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் ஒரு வேன் கேட்டேன்.
லூர்து அண்ணனின் பள்ளி வேன்,
பிள்ளைகளை இறக்கிவிட்ட பின், மாலை ஆறரைக்கு.
ஒரு குடும்பம், ஒரு சுற்று:
செம்பனைக்குள் நுழைந்து, மில்லைச் சுற்றி,
ஆற்றோரமாகத் திரும்பி வர ஒரு மணி நேரம்.
பத்துக் குடும்பம், எட்டு வாரம்.
டீசல், வேன் வாடகை, பிஸ்கட்:
நாலாயிரத்து எண்ணூறு வெள்ளி.

கடிதம் வந்தது, புவான் ரொஹானியின் கையெழுத்தோடு.
வாழ்த்துகள். இரண்டாயிரத்து நானூறு.

பாதிப் பணத்தில் என்ன செய்ய?
பாதிக் குடும்பத்தையா ஏற்றுவது,
அப்பாவை மட்டும் விட்டுவிட்டு?
"பாதி ரோட்டுல நிறுத்திடலாம் டீச்சர்," என்றார் லூர்து அண்ணன்.
"மில்லு வரைக்கும் போறது, எஞ்சின ஆஃப் பண்றது,
அரை மணி நேரம் கழிச்சுத் திரும்பறது."

எங்கள் சிகிச்சை முறை
அப்படித்தான் பிறந்தது,
டீசல் பற்றாமல்.

சன்னாசி பழ லோரி ஓட்டுகிறவர்.
அடுத்தவர் வண்டியில் உட்காரவே தெரியவில்லை,
வளைவுதோறும் வலது கால் பிரேக்கைத் தேடியது.
பின்னால் இந்திராணி, கையுறைத் தொழிற்சாலைச் சீருடையோடு.
கடைசி இருக்கையில் ஷர்வேந்திரன், காதில் பாட்டு.
பதினான்கு மாதமாக அப்பனும் மகனும் பேசவில்லை.
விற்கப்பட்டது ஒரே மோட்டார்சைக்கிள்,
கதை மட்டும் இரண்டு.

முதல் வாரம் எஞ்சின் பேசியது.
இரண்டாம் வாரம் இந்திராணி, அரிசி விலை பற்றி.
மூன்றாம் வாரம் மில் வாசலில் எஞ்சின் அணைந்தபோது
பழம் வேகும் வாடை உள்ளே வந்தது.
படித்த கேள்விகளை எல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தேன்.
முன்கண்ணாடியைப் பார்த்து,
அதற்குச் சொல்வதுபோல், சன்னாசி சொன்னார்:
"அந்த வளைவுலதான் என் தம்பி போனான்.
அவன் வண்டியும் பச்சைக் கலருதான்."

பின்னாலிருந்து நெடுநேரம் ஒன்றும் வரவில்லை.
எலி பிடிக்க எஸ்டேட்டில் வளர்க்கும் கூகை
தன் பெட்டியிலிருந்து இறங்கிப் போனது.
"எனக்கு யாரும் சொல்லவே இல்லையே."
"சொல்லல."
இந்திராணி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாள்.
அன்றைக்கு அவ்வளவுதான்.

எல்லாருக்கும் அப்படி நடக்கவில்லை.
ஒரு தாய் இரண்டாம் வாரமே இறங்கி
நடந்தே வீட்டுக்குப் போனாள்.
ஒரு தம்பதி ஏறியதும் தூங்கினார்கள், எட்டு வாரமும்.
பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்.
அவர்களையும் கணக்கில் சேர்த்தேன்,
பக்கத்தில் பக்கத்தில் தூங்கியது
எந்தக் கட்டத்தில் வரும் என்று தெரியாமல்.

இறுதி அறிக்கை கேட்கிறது:
அளவிடக்கூடிய விளைவுகள், ரசீதுகளுடன்.
டீசல் ரசீது இருக்கிறது.
பிஸ்கட் ரசீது நனைந்து எழுத்துப் போய்விட்டது.
போன சனிக்கிழமை பாசார் மாலாமில்
அப்பனும் மகனும் ஒரு ஹெல்மெட்டைப்
புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்.
வாங்கவில்லை. விலை கேட்டார்கள்.
அதற்கு யாரிடம் ரசீது வாங்குவது?

மீதம் பதினோரு வெள்ளி நாற்பது காசு.
விதிப்படி திருப்பிக் கட்ட வேண்டும்,
நாளைக்குக் கட்டிவிடுகிறேன், புவான்.
லூர்து அண்ணன்தான் கேட்க மாட்டேன் என்கிறார்.
ஆறரைக்கு வேனைத் துடைத்து
மண்டபத்து முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்.
"டேங்குல இன்னும் கொஞ்சம் இருக்கு டீச்சர்."