ஒன்று புள்ளி எட்டு

எலியாவா சந்தையில் காலை ஒன்பது மணிக்கே
வெல்டிங் புகை.
லம்சிரா உள்ளங்கையில் இரண்டு எண்களைப்
பேனாவால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள்:
அவள் கம்ப்ரசர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தரும்,
பையில் எத்தனை லாரி இருக்கிறது.
திபிலீசியில் லாரி ஓடாது,
செலவாகும்.

மால்காஸ் கடையில் ஸ்பிரே கன்கள்
கொக்கியில் தலைகீழாய்த் தொங்குகின்றன.
வௌவால் என்று சொல்லியிருப்பேன்,
வௌவாலுக்கு இத்தனை பளபளப்பு ஏது.

"என்ன அடிக்கப் போகிறாய்?"
"பிரைமர்."
அவன் குரல் ஒரு படி இறங்கிற்று.
நிறம் அடிப்பவர்களுக்குத்தான் கண்ணாடி அலமாரி, ஜெர்மன் பெட்டி.
பிரைமர் என்றால் மேஜைக்கடியில் ஒரு கூடை.
"ஏதாவது எடு. எப்படியும் தேய்க்கத்தானே போகிறாய்."

எப்படியும் தேய்க்கத்தான் போகிறாள்.
அடிப்பதில் பாதி உப்புத்தாளோடு போய்விடும்,
மிச்சத்தை நிறம் மூடும்.
இருந்தும் கூடையின் முன் குந்தி உட்கார்ந்து
ஒவ்வொன்றாய் மூக்கைக் கழற்றிப் பார்ப்பவளை
மால்காஸ் தேநீரை வைத்துவிட்டுப் பார்த்தான்.

முதலாவது, ஒன்று புள்ளி மூன்று.
வேண்டாம். போன வருஷம் பட்டது போதும்.
கெட்டிப் பிரைமர் அந்தத் துளையில் விக்கி,
இருமி இருமித் துப்பியதில்
பானெட் முழுக்க அம்மை.
தின்னர் ஊற்றி இளக்கினாள்,
வழிந்து பம்பரில் சொட்டியது.

இரண்டாவது, ஒன்று புள்ளி எட்டு. அழகன்.
ஆனால் நிமிடத்துக்கு நானூறு லிட்டர் காற்று குடிப்பான்.
உள்ளங்கையைப் பார்த்தாள்: இருநூற்றிருபது.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மூன்றாவது கூடையின் அடியில்.
அதே ஒன்று புள்ளி எட்டு, கொஞ்சக் காற்றில் வாழ்வது,
யாரோ வாங்கித் திருப்பித் தந்தது,
கைப்பிடியில் கீறல்.
"தண்ணீர் ஊற்று."
"துருப்பிடிக்கும்."
"துடைத்துத் தருகிறேன், ஊற்று."

ஃப்ரிட்ஜ் வந்த அட்டையைச் சுவரில் சாய்த்து
ஒரே ஒரு நொடி அழுத்தினாள்.
ஈரம் வாழைப்பழமாய் வளைந்தது.
மூக்கை அரைச் சுற்றுத் திருப்பினாள்,
வாழைப்பழமும் மறுபக்கம் வளைந்தது.
அப்படியானால் குறை மூக்கில்தான்.
கொம்பின் துளையில் காய்ந்த பெயின்ட், கடுகு அளவு.
மால்காஸின் பல்குச்சியை வாங்கிக் குத்தி எடுத்தாள்.
மறுபடி ஒரு நொடி.
நேராய், நுனியிலிருந்து நுனி வரை ஒரே ஈரமாய்
நீண்ட முட்டை.

"தொண்ணூறு."
"ஐம்பது."
"பல்குச்சி என்னுடையது," என்றான்.
எழுபதில் முடிந்தது.

ருஸ்தாவியில் அவள் கொட்டகை.
லூசியானாவில் எதிலோ மோதி
கப்பலில் வந்த கார்,
பின் கண்ணாடியில் ஏலக்காரன் எழுதிய எண் அழியாமல்.
வலப் பின்கதவுக்கு மூன்று பூச்சு.
பூச்சுக்குப் பூச்சு பத்து நிமிடம்
வெளியே நின்று சூரியகாந்தி விதை கொறித்தாள்.
உள்ளே கதவு ஈரச் சாம்பல் நிறத்தில்
ஒன்றும் நடக்காதது போல் நின்றது.

காய்ந்ததும் கறுப்புப் பொடி தடவித் தேய்த்தாள்.
பள்ளம் இருந்தால் கறுப்பு தங்கும்.
தங்கவில்லை.
கைப்பிடிக்குக் கீழே மட்டும், எள்ளளவு.
அதற்காக இன்னொரு பூச்சு, இன்னொரு பகல்.

கஜகஸ்தானிலிருந்து வந்த தௌரென்
தடிமன் அளக்கும் கருவியோடு காரைச் சுற்றினான்.
முன்கதவு: நூற்றிருபது மைக்ரான்.
பின்கதவு: எழுநூற்றுப் பத்து.
நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

லம்சிரா கதவைத் திறந்து
ரப்பர் பட்டையை விரலால் விலக்கினாள்.
உள்ளே மார்க்கரில், அவள் கையெழுத்தில்:
மோதல். புட்டி அரை மில்லி. பிரைமர் நான்கு பூச்சு.

"இதை எல்லாரும் மறைப்பார்கள்," என்றான்.
"நானும் மறைத்திருக்கிறேன். கருவி இல்லாமல் கண்டுபிடி பார்க்கலாம்."

குனிந்து, கன்னம் கதவில் படும் அளவுக்கு,
வெளிச்சத்துக்கு எதிராக வெகுநேரம் தேடினான்.

பிறகு முந்நூறு குறைக்கச் சொன்னான்.
இருநூறு குறைத்தாள்.