அறை வெப்பநிலை

கட்டுரை சொல்கிறது:
அறை வெப்பநிலையில் இது தெளிந்த நீர்போல் இருக்கும்,
முப்பத்திரண்டைத் தாண்டினால் பாலாகும்.

எந்த அறை?

திருநெல்வேலியில், இரசாயனவியல் துறை மேல்மாடியில்,
சித்திரை மாதம் பதினொரு மணிக்கு
மேசையில் வைத்த போத்தல்
யாரும் தொடாமலே வெளுத்து நிற்கிறது.
நான் அடுப்பு மூட்டவில்லை.
மின்சாரம் நின்று நாற்பது நிமிடம், அவ்வளவுதான்.

நெய் உருகும், மெழுகு உருகும், றோட்டுத் தார் உருகும்.
சூடென்றால் இளகுவதுதான் நாங்கள் கண்ட வழக்கம்.
இது மறுபக்கமாய்ப் பிறந்தது.
குளிரில் தண்ணீரோடு கைகோத்து
ஊதிப்போய்ச் சும்மா கிடக்கும்.
சூடேறினால்
குடித்ததெல்லாம் கக்கிவிட்டுத்
தன் சங்கிலிகளுக்குள் தானே சுருண்டுகொள்ளும்.
பிறேமினி சொன்னாள்:
"எங்கட துறைக் கூட்டம் மாதிரித்தான்."

நிதி விண்ணப்பத்தில் பெரிதாக எழுதியிருந்தோம்.
கண்ணுக்குள் விட்டதும் உறைந்து
மருந்தைப் பிடித்து வைத்திருக்கும் துளி.
தட்டைக் குளிர்த்தினால் கத்தியில்லாமலே
எழும்பி வரும் உயிரணுப் படலம்.
கிடைத்தது ஒரு தராசும்
அரைப் பெட்டி கையுறையும்.

காத்திருக்க ஏலாது.
பத்துப் போத்தலையும் ஒரு வாளியில் அடுக்கி
வளாகக் கிணற்றுக்குள் இறக்கினோம்.
சுண்ணக்கல்லின் வயிற்றில் இருபத்தெட்டரை.
மின்சாரசபைக்கு அங்கே வேலையில்லை.
கயிற்றைப் பிடித்தபடி நான்,
வெப்பமானியைப் பிடித்தபடி அவள்.
கன்ரீனுக்குப் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்:
"என்ன, மீனோ?"

மேலே வந்தபோது ஒன்பது தெளிவு.
பத்தாவது மட்டும் கலங்கலாகவே இருந்தது.
அதில் பண்ணைப் பாலத்தடியில் அள்ளிய கடல்நீர்,
வேண்டுமென்றே ஊற்றியது.
உப்பு இருந்தால் இது முந்திக்கொள்ளும்.
முப்பத்திரண்டு என்பது
வியர்க்காத ஊரின் கணக்கு.

வைகாசியில் அவளுடைய கெண்டைக்காலில்
மோட்டார் சைக்கிள் சைலன்சர் பட்டது.
ஒரு தீப்பெட்டி அளவு.
ஆஸ்பத்திரியில் ஒட்டிய துணி
உரிக்கும்போதெல்லாம்
புதுத்தோலையும் கூட்டிக்கொண்டு வந்தது.
நாலாம் நாள் ஆய்வுகூடக் கதவைப் பூட்டிவிட்டுச் சொன்னாள்,
"அந்தத் தகட்டை எடு."

நெறிமுறைக் குழுவுக்கு நாங்கள் எழுதவில்லை.
எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

ஏழு நாள் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவிய தகடு.
வைத்தவுடன் ஒன்றுமில்லை,
ஈரக் கண்ணாடி.
பிறகு காலின் சூடு அதற்குள் போனது.
ஓரத்திலிருந்து வெளுத்து,
கொஞ்சம் சுருங்கி,
பிடித்துக்கொண்டது.
அன்று பின்னேரம் வரை அவள் நொதியங்கள் பற்றி
முதலாம் வருடத்துக்கு வகுப்பெடுத்தாள்.
பாவாடைக்குக் கீழே என்ன இருக்கிறதென்று
தொண்ணூறு பேருக்கும் தெரியாது.

கழற்றும் நேரம்.
ஸ்ரூலில் காலை நீட்டி, மேசை விளிம்பைப் பிடித்து,
கண்ணை மூடிக்கொண்டாள்.
குளிர்ப்பெட்டியில் இருந்த தண்ணீரை
நான் பீக்கரால் ஊற்றினேன்.
வெள்ளை கலைந்தது.
தகட்டினூடே காயம் தெரிந்தது, இளஞ்சிவப்பாய், அப்படியே.
பிறகு அது வழுக்கி
என் உள்ளங்கைக்குள் இறங்கியது,
நுங்கு போல.

"சரி, உரி" என்றாள், இன்னும் கண் திறக்காமல்.
"முடிஞ்சுது."
குனிந்து பார்த்தாள். தகட்டைப் பார்த்தாள்.
அவளுக்குக் கோபம் வந்தது.
"அப்ப மூண்டு நாளா நான் என்னத்துக்குக் கத்தினனான்?"

கட்டுரை அனுப்பினோம், காலைச் சொல்லாமல்.
மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்டிருந்தார்:
அளவீடுகள் அறை வெப்பநிலையில் எடுக்கப்பட்டனவா?

இரண்டு நாள் பதில் போடவில்லை.
மூன்றாம் நாள் மின்சாரம் இருந்தபோது
பிறேமினி தட்டினாள்:

ஆம்.
முப்பத்துநான்கு தசம் ஐந்து.
யன்னல்கள் திறந்திருந்தன.