முறிமுகம்

பெங்களூரில் காலை ஆறு மணிக் குளிரில்
ஒரு வேனின் விசிறிக்கூடு
யாரும் தொடாமலே விரிந்ததாம்.
புகார் ஓசூர் சிப்காட்டுக்கு வந்து
என் மேசையில் ஐந்து துண்டுகளாகக் கிடக்கிறது.
அந்த லாட்டில் மணிக்கு ஒன்றாய் எடுத்து வைத்தவை.

நைலான் காற்றிலிருந்தே தண்ணீர் குடிக்கும்.
பாலிப்ரோப்பிலீனுக்குத் தண்ணீர் ஆகாது.
இருநூற்று நாற்பது டிகிரியில்
இரட்டைத் திருகு இரண்டையும் பிசையும்போது
ஒரே கஞ்சிதான்.
ஆறட்டும், அப்புறம் பேசலாம்.

ஊசலை விட்டேன்.
நான்கு துண்டுகள் கொஞ்சம் யோசித்து உடைந்தன.
ஐந்தாவது யோசிக்கவில்லை.

"அதை விட்டுடுங்க.
மோல்டுல காத்து இருந்திருக்கும்.
நாலுக்குச் சராசரி போடுங்க" என்றார் திப்பேசாமி சார்.
எங்கள் கம்பெனியில் காற்றுக்கு
எப்போதும் வேலை இருக்கிறது.

அவர் டீக்குப் போனதும்
முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் வைத்தேன்.
வட்ட வட்டமாய்க் குழிகள், வழவழவென்று.
இங்கிருந்த மணிகள்
ஒரு நூல்கூட மிச்சம் வைக்காமல்
எதிர்ப்பாதியில் போய் உட்கார்ந்திருந்தன.

மற்ற நான்கில் மணிகள் பாதியாய்க் கிழிந்து
இழை இழையாய் நீண்டு
வெளுத்துப் போயிருந்தன.
அவையும் கலக்கவில்லை.
கலக்கவே கலக்காது.
எல்லையில் மூன்றாவது ஒன்று நின்று
இந்தப் பக்கம் கையும்
அந்தப் பக்கம் வாலும் கொடுத்திருந்தது.
நூற்றுக்கு இரண்டு பங்கு.
விலை மட்டும் மூன்று மடங்கு.

இரவு ஷிஃப்ட் பதிவேட்டை எடுத்தேன்.
முனிரத்னா தெலுங்கில் எழுதியிருந்தாள்.
எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமானது:
இரண்டு நாற்பதுக்கு ஒட்டுப்பொருள் தீர்ந்தது.
ஸ்டோர் பூட்டியிருக்கிறது.
லைனை நிறுத்தக் கேட்டேன்.
ஓட்டச் சொன்னார்கள்.

சொன்னது யார் என்று எழுதவில்லை.
ஐந்தாவது துண்டு மூன்று மணிக்கு எடுத்தது.

ஐந்துக்கும் சராசரி போட்டேன்.
கீழே, குறைந்தபட்சம் என்று தனியாய் ஒரு வரி.
படத்தையும் பதிவேட்டின் பக்கத்தையும் இணைத்தேன்.
அனுப்பும்போது விரல் சற்றுத் தயங்கியது,
மறைப்பானேன்.

இரவு பத்துக்கு கேட்டில்
நான் வெளியே, அவள் உள்ளே.
பஞ்ச் மெஷின் முன்னால் ஸ்வெட்டரோடு நின்றவளிடம்
போனில் அந்தப் படத்தைக் காட்டினேன்.
விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இட்லி எடுத்த தட்டாக்கா?
நல்லாத்தான் எண்ணெ தடவியிருக்காங்க."