வியாழக்கிழமை உரை

மாவட்ட நீதிமன்றத்தில் எனக்குச் சம்பளம்.
சாட்சி அருவா என்றால் அரிவாள் என்றே போக வேண்டும்.
கத்தி என்று போனால்
ஓர் ஆள் வெளியே வந்துவிடுவான்.
பதினோரு வருடத்தில் என் சொல்லால்
யாரும் தப்பியதில்லை,
மாட்டியதும் இல்லை.

அதை எங்கோ கேள்விப்பட்டுத்தான்
ஆசீர் செல்லையா போனில் கூப்பிட்டார்:
"வெளிநாட்டுக்காரர் பேசுதார்மா.
உலகத்துக்குக் கரண்டு, உடம்புக்கு மூச்சு,
ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லுதார்.
ஒரு மணி நேரம். டீயும் வடையும் உண்டு."

பாளையங்கோட்டை, முருகன்குறிச்சி தாண்டி ஒரு மாடி அறை.
ஆனி மாதம். சாரல் இல்லை, காற்று மட்டும்
ஜன்னல் கொக்கியை அடித்துக்கொண்டே இருந்தது.
எண்பது நாற்காலி, முப்பத்து நாலு பேர்.
பாதிப் பேர் குரூப் டூ எழுதுகிற பையன்கள்,
கட்டுரைக்கு ஆகும் என்று நோட்டோடு வந்தவர்கள்.
பேச்சாளர் பெயர் ஹென்ட்ரிக்.
தலைவர் மூன்று தடவையும் ஹென்றி என்றார்.
எரிசக்தி கூட்டத்தில் கரண்ட் போகும்,
சிரிக்கலாம் என்று எல்லோரும் தயாராக இருந்தோம்.
போகவில்லை.

மெகாவாட், நுரையீரல், மானியம்:
இவையெல்லாம் சுலபம்.
நான் தடுக்கி விழுந்தது
அவர் மொழியின் மிகச் சின்னச் சொல்லில்.
தன்னோடு பலரைச் சேர்க்க அவர்களுக்கு ஒரே வாசல்,
வந்தவர் வராதவர் எல்லாரும் அதில் நுழையலாம்.
நம் வாசலில் ஒருத்தி நின்று கேட்கிறாள்:
எதிரே இருக்கிறவன் உள்ளேயா, வெளியேயா?

நூறு வருடம் நிலக்கரி எரித்தோம் என்றார்.
'நாங்கள் எரித்தோம்' என்றேன்.
இனி எரிப்பதைக் குறைக்க வேண்டும் என்றார்.
'நாம் குறைக்க வேண்டும்' என்றேன்.
நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர்தான்.
அவர் வாயில் மாறாத சொல்
என் வாயில் கட்சி மாறிவிட்டது.
இங்கே பிரமாணம் எடுக்கச் சொல்லவில்லை யாரும்.
இருந்தாலும் மைக்கை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டேன்.

கடைசி வரிசையில் ஒருவன்
பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தான்.
பிறகு குனிந்து
இரண்டையும் எழுதிக்கொண்டான்.

"கேள்வி மட்டும், உரை வேண்டாம்" என்றார் தலைவர்.
இரண்டு பேர் உரை ஆற்றினார்கள்.
மூன்றாவதாக ஒரு பெண் எழுந்தாள்.
சுயம்புக்கனி, பணகுடிப் பக்கம்.
ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்க வந்தவள்,
அந்த உறை இன்னும் கக்கத்தில்.
போஸ்டரில் மூச்சு என்று இருந்ததாம், ஏறி வந்துவிட்டாள்.

"எங்க காட்டுக்கு மேல ராவும் பகலும்
காத்தாடி எறக்கை சுத்துது.
காத்து எங்கது, கரண்டு எங்கயோ போவுது.
நாங்க இன்னும் ஒடமுள்ளு வெறகுதான் எரிக்கோம்,
ரெண்டாவது சிலிண்டருக்குத் துட்டு இல்ல.
இவரு குறைக்கணும்னு சொல்லுத புகையில
நாங்க இருமுதது சேத்தியா?"

திருப்பிச் சொன்னேன், ஒரு சொல் விடாமல்.
ஆனால் அவளுடைய 'நாங்க'
அந்த ஒற்றை வாசலில் நுழைந்ததும்
ஊர், காடு, உறை எல்லாம் கழன்று
உலகமாகிவிட்டது.
அவர் உருக்கமாகத் தலையாட்டினார்.
ஆமாம், நாம் எல்லோரும்தான் என்றார்.
தன்னையும் சேர்த்துக்கொண்டார்.
நல்ல மனிதர். கண்கூடக் கலங்கியது.

இதை எப்படித் தமிழில் சொல்ல?
'சேத்திதான்னு சொல்லுதாரு' என்றேன்.
அவள் என் முகத்தையே பார்த்தாள்,
குறுக்கு விசாரணை முடிந்த சாட்சி
வக்கீலைப் பார்ப்பதுபோல.
"சரி" என்று உட்கார்ந்தாள்.

பொன்னாடை, நன்றியுரை, ஆறிப்போன வடை.
கீழே வந்தபோது காற்று சேலையைப் பிடுங்கியது.
நிறுத்தத்தில் அவள் மட்டும்.
பேசுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை,
அவளிடமும் இல்லை போல.
முகப்பு விளக்கு திரும்பியதும்
எக்ஸ்ரேயை மாரோடு அணைத்துக்கொண்டு
என் முழங்கையைத் தொட்டாள்:
"புது பஸ்டாண்டு வண்டி வந்துட்டு.
வாங்க, நாம போவோம்."