லாபத்தில் தொடங்கும் கணக்கு

காலை ஏழரை.
வெளிச்சம் இன்னும் படகு ஏறவில்லை.
க்ருனார்ட் ஏரிக்கரையில் இஷ்பெல்லின் வேன்.
ஹீட்டர் ஓடாது,
ஓடினாலும் போடமாட்டாள்.
கண்ணாடியில் ஆவி படிந்தால்
பறவை போச்சு என்பாள்.
மற்ற நாட்களில் தபால் கொடுக்கிறவள்,
வயது இருபத்தாறு,
தெர்மாஸில் கறுப்புத் தேநீர்.

நவம்பர் கடைசி.
நான் ஐலா தீவுக்கு வந்தது எக்ஸ்ரே எடுக்க.
ஆறு மாத ஒப்பந்தம்.
இங்கே வாரத்துக்கு நாலு மணிக்கட்டுதான் உடைகிறது.
மிச்ச நேரத்துக்கு
கழுத்தில் பைனாகுலரை மாட்டிவிட்டார்கள்.

முதலில் சத்தம்.
அயலான் தெருவில் கால் வைத்ததும்
குட்டி நாய்கள் மொத்தமும் குரைக்குமே,
அப்படி,
ஆனால் தலைக்கு மேலே.
பிறகு சேற்றுத் திட்டு
கறுப்பும் வெள்ளையுமாய்ப் பிய்ந்து
எழுந்து வருகிறது.
கிரீன்லாந்து வாத்துகள்.
அவசரத்தில் பவுடர் பூசி
கழுத்தை மறந்துவிட்ட முகங்கள்.

பத்தை மட்டும் எண்ணு,
அந்தப் பத்தின் அகலத்தைக் கண்ணில் பிடி,
அதைக்கொண்டு மிச்சத்தை அள.
அவ்வளவுதான் இஷ்பெல் சொன்னது.
அவள் கேலிக்கில் முணுமுணுக்கிறாள்.
மூன்று மட்டும் காதில் பிடிபடுகிறது.
நானும் வாய் திறந்தேன்.
வந்தது ஒன்று அல்ல,
லாபம்.
லாபம், ரெண்டு, மூணு…

எனக்கே சிரிப்பு.
நெல் அளந்த வீடில்லை எங்களுடையது,
அம்பத்தூரில் இரண்டாவது மாடி.
எந்தக் கடை வாசலில் காதில் விழுந்ததோ,
இத்தனை வருஷம் நாக்கடியில் கிடந்து
இந்தக் குளிரில் எழுந்திருக்கிறது.

நாற்பத்தோராவது பத்தில்
கடற்கழுகு.
கதவு ஒன்று கீலைக் கழற்றிக்கொண்டு
பறந்து வந்ததுபோல்.
மொத்த வயலும் எழுந்தது.
நான் கூட்டிய கூட்டல் எல்லாம் வானத்தில்
இடம் மாறி, வரிசை மாறி, ஊளையிட்டு.
கழுகு யாரையும் தொடவில்லை.
சும்மா வந்தேன் என்பதுபோல்
வேலிக் கம்பத்தில் உட்கார்ந்து
ஒரு காலைத் தூக்கிக்கொண்டது.

காத்திருந்தோம்.
கொண்டை வைத்த ஆள்காட்டிகள் நாலைந்து
மழைக்கு முதுகைக் காட்டி நின்றன.
பாசிப் பாறையில் நீர்நாய் ஒன்று
நண்டை ஓடோடு கடிக்கும் சத்தம்
இவ்வளவு தூரம் கேட்டது.
நல்ல பல்.
நீர்நாய்க்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதினேன்.
இஷ்பெல் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

மறுபடி முதலிலிருந்து.
லாபம், ரெண்டு…

முடிக்கும்போது டூகலின் வண்டி சேறு தெறிக்க வந்தது.
வயல் அவருடையது.
போன மாதம் ஆட்டுக் கிடா முட்டியதில்
ஏழாவது விலா, வலப்பக்கம்,
பென்சில் கோடுபோல் விரிசல்.
முகத்துக்கு முன்பே எனக்கு
உள்ளே பழக்கமான மனிதர்.
எவ்வளவு என்றார்.
இஷ்பெல் அறுநூற்று நாற்பது.
நான் அறுநூற்று முப்பது.
எனக்கு எல்லாமே நஷ்டம், என்றார்,
வசந்தத்தில் என் ஆட்டுக்கு வைத்த புல்.

எங்கள் ஊர்க் கணக்கில்
முதல் எண்ணுக்குப் பெயரே லாபம் என்றேன்.
அப்போ ரெண்டாவது?
ரெண்டுதான்.
வெறும் ரெண்டு.
சிரித்துவிட்டார்.
உடனே கை விலாவுக்குப் போனது.
சிரிக்காதீர்கள் என்று
மருத்துவக் குரலில் சொன்னேன்,
அது இன்னும் மோசமாயிற்று.

திரும்பும் வழியில்
மூன்றரைக்கே இருட்டு.
காற்றில் கப்பல் ரத்து,
கடையில் ரொட்டி தீர்ந்திருந்தது.
பாலத்தருகே சட்டென்று புரிந்தது.
லாபம் என்று சொன்ன வாய்
பொத்தானில் இருந்த விரலுக்குச் சொல்லவில்லை.
அந்த முதல் பத்து விழவே இல்லை.

இஷ்பெல்லிடம் சொல்லலாம்.
நாளை சொல்லலாம்.
என் கணக்கில் ஏறாத பத்து வாத்துகள்
இருட்டில் எங்கோ
டூகலின் புல்லை
வயிறு நிறைய மேய்ந்துகொண்டிருக்கின்றன.